துண்டுத்துணிகளில் ஒரு நூற்றாண்டு

கேரளத்தில் கரிசல் மண் என்று சொல்லத்தக்கது எங்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியில்தான் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலில், மழை குறைந்த மேட்டுநிலம் இது. மாநிலத்தின் மற்ற பக்கங்களில் நெல்லும் மிளகும் ரப்பரும் பெயர் வாங்கியபோது இங்கே பருத்தியும் நிலக்கடலையும் சோளமும் விளைந்தன. வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை என்று எங்கே போனாலும் பெரும்பாலான வீடுகளில் தமிழ்தான் பேச்சு. கொச்சி ராஜ்யத்தில் இருந்தோம். 1949-ல் திருவிதாங்கூர்-கொச்சி ஆனோம். 1956 நவம்பர் 1 முதல் கேரளம். ஆட்சி எதுவானாலும் நல்லது கெட்டதுக்குத் துணி எடுக்க எங்கள் சனம் கோயமுத்தூர் ஒப்பணக்கார வீதிக்குத்தான் போனது.

மண்ணைப் பற்றியும், ஆழியாற்றுத் தண்ணீரைப் பற்றியும், எல்லைத் தகராறைப் பற்றியும் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எடுத்துவந்த துணி சீலையாகவும் வேட்டியாகவும் உழைத்து, நைந்து, கடைசியில் பெண்களின் கையில் ஒட்டுத் துப்பட்டியாக ஆன கதையை நான் எங்கும் படித்ததில்லை. நான் இந்த ஊரில் தையல் மிஷின் மிதிப்பவள். ஜாக்கெட்டும் பாவாடையும் பள்ளிக்கூட யூனிஃபார்மும் தைப்பது என் பிழைப்பு. மிஞ்சும் துண்டுகளையும் பழைய சீலைகளையும் சேர்த்துத் துப்பட்டி தைப்பது, அம்முச்சி (அம்மாவின் அம்மா) காலத்திலிருந்து எங்கள் வீட்டில் நிற்காமல் வரும் வேலை. அந்த வேலையின் வரலாற்றை எனக்குத் தெரிந்த அளவில் எழுதிவைக்கிறேன்.

வேறு நூல் ஓடிய துணி

ஒட்டுப்போட்ட துணி நமக்குப் புதிதல்ல. பொருநராற்றுப்படையில் கரிகால் சோழனைப் பார்க்கப் போகிறவன் உடுத்தியிருந்தது அப்படிப்பட்ட துணிதான். வியர்வையில் நனைந்து, ஈரும் பேனும் குடியேறி, வேற்று இழைகள் ஓடிய கந்தை. மன்னன் அதைக் களையச் சொல்லி, பாம்பின் சட்டையைப் போல மெல்லிய, பூவேலை செய்த ஆடையைக் கொடுத்தான். புலவர் சொல்ல வந்தது மன்னனின் கொடையை. போகிறபோக்கில் அந்தக் கந்தையில் வேறு நூல் ஓடியதையும் கவனித்துச் சொல்லியிருக்கிறார். கிழிந்த இடத்தில் ஊசி போட்ட ஒரு கை அங்கே இருந்திருக்கிறது. சிலப்பதிகாரம் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் துன்னகாரர் என்ற தையல்காரர்கள் இருந்ததைச் சொல்கிறது. தொழிலாகத் தைத்தவர்களுக்கு இலக்கியத்தில் ஒரு பெயராவது கிடைத்தது. வீட்டுக்குள் உட்கார்ந்து தைத்தவர்களுக்கு அதுவும் இல்லை.

ஒட்டுத்துணி ஏழ்மைக்கு மட்டும் அடையாளமாக இருந்ததும் இல்லை. பௌத்தத் துறவிகளின் சீவர ஆடை துண்டுகளை இணைத்துத் தைத்தது. மகத நாட்டு வயல்கள் வரப்போடு பாத்தி பாத்தியாகக் கிடப்பதைக் காட்டி, அதுபோலத் துணியை அமைக்கும்படி ஆனந்தரிடம் புத்தர் சொன்னதாக வினய நூல் கூறுகிறது. துண்டாக வெட்டித் தைத்த ஆடை மேல் பிறருக்கு ஆசை வராது என்பது அவர்கள் சொன்ன காரணம். இல்லாதவனும் வேண்டாம் என்று விட்டவனும் ஒரே மாதிரித் துணியை உடுத்தினார்கள்.

அம்முச்சியின் துப்பட்டி

என் அம்முச்சிக்குக் கல்யாணம் ஆனது இரண்டாம் உலகப்போர் சமயத்தில். ஆலைத் துணி பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 1943-ல் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் அரசு கட்டுப்பாட்டு ஆணை போட்டது. கண்ட்ரோல் துணி என்று அம்முச்சி சொன்னது அந்தக் காலத்தைத்தான். பருத்தி விளைகிற ஊரில் இருந்துகொண்டு, கல்யாணத்துக்கு ஒரு நல்ல சீலை கிடைக்காமல் அலைந்ததை அவர் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவர் கிழிந்த துணியைத் தூக்கி எறிவாரா? முந்தானை கிழிந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, மிச்சத்தைத் தாவணியாக்குவார். தாவணி நைந்தால் குழந்தைக்கு இடுப்புத்துணி. அதற்கும் ஆகாதது துப்பட்டியின் நடு அடுக்குக்குப் போகும்.

அவர் தைத்ததில் ஒன்றுதான் இன்றைக்கு என்னிடம் இருக்கிறது. தூரியில் குழந்தைக்கு அடியில் விரிக்கும் அளவு. மேல் முகம் அரக்குக் கட்டம் போட்ட சீலை. அடி முகம் தாத்தாவின் நாலு முழ வேட்டி. நடுவில் என்ன இருக்கிறது என்று ஒரு மூலை பிரிந்தபோதுதான் பார்த்தேன்: இன்னும் பழைய ஒரு துப்பட்டி, அப்படியே முழுசாக. தைத்த நூல் கடையில் வாங்கியதல்ல. சீலைக் கரையிலிருந்து இழை இழையாக உருவி, இரண்டு மூன்றைச் சேர்த்து முறுக்கிய சிவப்பு நூல். தையல் ஒவ்வொன்றும் ஒரு நெல் நீளம். வரிக்கு வரி ஒரு விரல் இடைவெளி. ஒரு ஓரத்தில் மட்டும் தையல் சிறுத்து, நெருங்கி, கோணலாகப் போகிறது. அந்த இடத்தைத் தைத்தது அப்போது ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்த என் அம்மா. ஒரே துணியில் இரண்டு தலைமுறையின் கையை நான் தடவிப் பார்க்க முடிகிறது.

சீலையின் அளவே இந்த வேலைக்குத் தோதானது. ஐந்தரை மீட்டர் சீலையை நாலாக மடித்தால் நீளம் ஒன்றேகால் மீட்டருக்குக் கொஞ்சம் கூட; அகலமும் ஏறக்குறைய அதற்குப் பக்கத்தில் வரும். கத்தரி வைக்காமலே நாலு அடுக்குள்ள குழந்தை விரிப்பு கிடைத்துவிடும். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஓட்டுத்தையல் போட்டால் சுருக்கம் வெளியே தள்ளப்பட்டுப் போய்விடும். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது, பெரியவர்கள் உடுத்திய பழந்துணியில்தான் முதலில் கிடத்த வேண்டும் என்று நம் பக்கத்தில் சொல்வதற்கும் நியாயம் உண்டு. புதுத்துணியில் கஞ்சி இருக்கும், உறுத்தும். நூறு தடவை துவைத்த பருத்தி, ஈரத்தை உடனே உறிஞ்சும், சீக்கிரம் காயும். வயசாளிகளின் ஆயுசு குழந்தைக்கு ஒட்டும் என்ற நம்பிக்கையும் அதோடு சேர்ந்தது.

ஆலை, மிஷின், பனியன்

கோயமுத்தூரில் முதல் நூற்பாலையை ஸ்டேன்ஸ் 1888-ல் தொடங்கினார். 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் வரிசையாக எழுந்தன. நாட்டுக் கைத்தறித் துணி மட்டும் உடுத்திய வீடுகளுக்கு ஆலைத் துணி வந்தது. சோமனூர்ப் பக்கம் விசைத்தறிகள் பெருகியபின் காடாத் துணி மலிவாகக் கிடைத்தது. துப்பட்டிக்கு அடி முகமாகப் பழைய வேட்டியைத் தேட வேண்டிய அவசியம் குறைந்தது.

அம்மா காலத்தில் மிஷின் வந்தது. 1930களில் கல்கத்தாவில் தயாரிக்கத் தொடங்கிய உஷா மிஷின் எங்கள் வீட்டுக்கு ஒரு நிலக்கடலை அறுப்புக்குப் பிறகு வந்து சேர்ந்தது. மிஷின் வந்ததும் துப்பட்டியின் முகமே மாறிவிட்டது. அம்முச்சி துணியை அடுக்கித் தைத்தார். அம்மா துணியை வெட்டி இணைத்தார். கல்யாணப் பத்திரிகை அட்டையைச் சதுரமாக நறுக்கி வைத்துக்கொண்டு, அந்த அளவுக்குத் துண்டுகள் வெட்டி, கால் அங்குலம் தையலுக்கு விட்டு வரிசை வரிசையாகச் சேர்ப்பார். எட்டுச் சதுரம் சேர்த்தால் ஒரு வரி. ஒவ்வொரு துண்டிலும் ஒரு நூலிழை பிசகினாலும் எட்டாவது துண்டில் அது சேர்ந்து இழுத்துக் காட்டிவிடும். அதனால் ஒவ்வொரு வரிக்கும் இஸ்திரி போட்டு, தையல் விளிம்பை ஒரு வரியில் இடப்பக்கமும் அடுத்த வரியில் வலப்பக்கமும் மடித்துவிடுவார். இரண்டு வரியும் சேரும் இடத்தில் முண்டு விழாது.

துணியும் மாறிக்கொண்டே இருந்தது. எழுபதுகளில் நைலக்ஸும் பூனம் சீலையும் டெரிகாட்டனும் வந்தன. கிழியாத துணி, சாயம் போகாத துணி என்று எல்லோரும் வாங்கினார்கள். துப்பட்டிக்கு அவை ஆகவே ஆகாது. வருசக்கணக்காக உடுத்தினாலும் மெத்தென்று ஆகாது, வியர்வையை இழுக்காது, அடுப்புப் பக்கம் போனால் உருகி ஒட்டிக்கொள்ளும். அந்தச் சமயத்தில் பருத்திக்குக் கைகொடுத்தவை அரசுத் திட்டங்கள். 1976-ல் மத்திய அரசு தொடங்கிய ஜனதா திட்டத்தில் கைத்தறிச் சீலை மலிவாகக் கிடைத்தது. 1983-ல் எம்.ஜி.ஆர். அரசு இலவச வேட்டி சேலை கொடுக்கத் தொடங்கியது. அது தமிழ்நாட்டுக் குடும்ப அட்டைக்குத்தான். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்களுக்கு இல்லை. ஆனால் பிச்சனூரிலும் மாவுத்தம்பதியிலும் பெண் கொடுத்து எடுத்த உறவு உண்டே! அங்கிருந்து வந்த சீலைகள் எங்கள் துப்பட்டிகளில் ஏறின. இந்தப் பக்கத்து ஓணத்துக்கு எடுத்த செட்டுமுண்டின் வெள்ளையும் கசவுக் கரையும் அவற்றுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. அம்மா தைத்த துப்பட்டிகளைப் பார்த்தாலே எந்த ஊர்க்காரி என்று சொல்லிவிடலாம்.

எண்பதுகளில் திருப்பூர் ஏற்றுமதி பெருகியது. கட்டிங் வேஸ்ட் கிலோக் கணக்கில் மூட்டை மூட்டையாக வெளியே வந்தது. துணிக்காக ஏங்கிய ஊர்களுக்கு இப்போது துணி கொட்டிக் கிடந்தது. பனியன் துணி இழுத்தால் நீளும். சதுரமாக வெட்டினாலும் சதுரமாக நிற்காது. ஆகவே மேல் முகத்துக்கு அதை நான் எடுப்பதில்லை. நடு அடுக்குக்குப் போட்டால் பஞ்சைவிட நன்றாக நிற்கும், துவைத்தாலும் திரளாது.

மலைக்குப் போன துப்பட்டிகள்

பெரியம்மா மகளை மூணாறில் கொடுத்திருந்தோம். அவர் கணவர், எங்கள் மாமா, அங்கே பஜாரில் தையற்கடை வைத்திருந்தார். எங்கள் துப்பட்டிகளில் பெரியவை எல்லாம் அந்த அக்காவுக்குத்தான் போயின. வடகரப்பதி வெயிலுக்கு நாலு அடுக்கே அதிகம். மூணாற்றில் தை மாசம் புல் மேல் உறைபனி படரும்.

அந்த மலையில் தமிழர்கள் வேலைக்குப் போன வரலாறு ஒன்றரை நூற்றாண்டுக் கதை. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாற்று ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். 1897-ல் கண்ணன் தேவன் தோட்டக் கம்பெனி உருவானது. கங்காணிகள் தென்மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆள் சேர்த்துக் கொண்டுபோனார்கள். வெக்கைக்குப் பழகிய சனம், கையில் இருந்த பருத்தித் துணியோடு குளிருக்குள் ஏறியது. அவர்களுக்குக் காப்பு கம்பளிதான். மழையில் தலைக்கு அதுவே. ராத்திரி லயத்தில் படுக்கைக்கும் அதுவே. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1951-ஆம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில், மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, மழைக்கோட்டு போன்றவற்றை முதலாளி கொடுக்க வேண்டும் என்று மாநில அரசுகள் விதி செய்யலாம் என ஒரு பிரிவே இருந்தது. போர்வை ஒரு சட்டத்தில் இடம்பிடிக்கும் அளவுக்கு அந்தக் குளிர் மனுசரை வாட்டியிருக்கிறது.

கம்பளி கதகதப்பாக இருந்தாலும் உடம்பில் குத்தும். அடிக்கடி துவைக்கவும் முடியாது. லயத்துப் பெண்கள் மாமா கடைக்குக் கம்பளியைக் கொண்டுவந்து, பழைய சீலையை அதற்கு அடிப்பக்கமாகத் தைத்துத் தரச் சொல்வார்களாம். அக்கா அதைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுத் துப்பட்டி முறையில் இரண்டையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார். சிலர் போடியிலிருந்து இலவம் பஞ்சு வாங்கி வந்து அடைக்கச் சொல்வார்கள். இலவம் பஞ்சு மெத்தைக்கு நல்லது. போர்வைக்குள் வைத்தால் உருண்டு ஒரு மூலைக்குப் போய்விடும். நாலு விரலுக்கு ஒரு தையல் வரி போட்டால்தான் இருக்கிற இடத்தில் இருக்கும்.

அதே மலையில் தொண்ணூறுகளில் டாடா டீ ஆதரவில் சிருஷ்டி என்ற அமைப்பு வளர்ந்தது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் பிறந்த மாற்றுத்திறனாளிகளுக்கு அங்கே வேலை கொடுத்தார்கள். அதன் ஒரு பிரிவான ஆரண்யாவில் இலை, பட்டை, தேயிலைக் கழிவிலிருந்து சாயம் எடுத்துத் துணிக்கு ஏற்றுகிறார்கள். யூகலிப்டஸ் இலைச் சாயம் ஏறிய ஒரு துண்டுத்துணியை அக்கா எனக்குக் கொடுத்தார். வெட்ட மனசு வராமல் முழுசாகவே ஒரு துப்பட்டியின் நடுவில் வைத்துத் தைத்தேன்.

என் பொட்டிகள்

என்னிடம் துணி சேர்ந்து கிடப்பது தகரப் பொட்டிகளில். நிறம் பார்த்து அடுக்குவதில்லை. துணியின் ரகம் பார்த்து அடுக்குகிறேன். நயம் பருத்தி தனி, டெரிகாட்டன் தனி, பனியன் தனி, பட்டுத் துண்டு தனி. எந்தத் துணி வந்தாலும் முதலில் கல் உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறும். சிவப்பும் நீலமும் சாயம் விடுகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். விட்டால் அதை வெள்ளைக்குப் பக்கத்தில் வைப்பதில்லை. ஒவ்வொரு கட்டிலும் ஒரு காகிதம் செருகியிருப்பேன்: யாருடைய துணி, எந்த வருசம், என்னவாக இருந்தது. 2017-ல் கேரள அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைத்தறி யூனிஃபார்ம் துணி கொடுக்கத் தொடங்கியது. அதைத் தைத்தபோது மிஞ்சிய துண்டுகள் ஒரு தனிக் கட்டு.

தைத்து முடித்தவற்றை நான் விற்றதில்லை. தொட்டில் சீருக்கு, கல்யாணத்துக்கு, வீட்டைவிட்டு வெளியூர் படிக்கப் போகும் பெண்பிள்ளைக்கு என்று கொடுத்துவிடுவேன். சமீபத்தில் ஒரு பெண் தன் அம்மாவின் சீலைகளை மூட்டையாகக் கொண்டுவந்தாள். “அக்கா, வீட்ல வச்சிருக்கவும் முடியல, யாருக்காச்சும் குடுக்கவும் மனசு வரலீங்க்கா” என்றாள். கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். ஆளுக்கு ஒன்றாகத் துப்பட்டி தைத்தேன். எல்லாச் சீலையும் எல்லாத் துப்பட்டியிலும் வரும்படி துண்டுகளைப் பங்கு வைத்தேன். சொத்தில் மனத்தாங்கல் இருந்த வீடு அது. துணியில் யாருக்கும் குறை வைக்கவில்லை.

பெயர் எழுதியவர்கள்

எங்கள் வேலைக்கு இந்தியாவெங்கும் சொந்தம் உண்டு. வடகர்நாடகக் காடுகளில் வாழும் சித்திகள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வம்சம். அவர்களுடைய ஒட்டுப்போர்வையான கவண்டியை ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தைப்பார்கள். கடைசியில் நாலு மூலைக்கும் மடித்த துண்டுகளால் பூ வைப்பார்கள். வங்காளத்தில் காந்தா, பீகாரில் சுஜனி, மராட்டியத்தில் கோதடி. எல்லாமே பழந்துணி, ஓட்டுத்தையல், பெண்களின் கை.

கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஜோகாவில் குருசதய் அருங்காட்சியகம் இருக்கிறது. குருசதய் தத் சேர்த்த காந்தாக்களில் ஒன்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானதாசுந்தரி என்ற பெண் தன் அப்பாவுக்காகத் தைத்தார். அது நமக்குத் தெரிவதற்குக் காரணம், அந்தச் செய்தியை அவர் ஊசியாலேயே துணியில் எழுதிவைத்ததுதான். அமெரிக்காவின் அலபாமாவில் கீஸ் பெண்ட் என்ற கறுப்பின மக்களின் ஊர். அங்கே மிசௌரி பெட்வே என்ற பெண், இறந்துபோன தன் கணவரின் வேலைத்துணிகளை வெட்டி 1942-ல் ஒரு போர்வை தைத்தார். என் அம்முச்சி தூரித்துணி தைத்த அதே காலம். கீஸ் பெண்ட் போர்வைகள் 2002-ல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் தொங்கின. 2006-ல் அமெரிக்க அஞ்சல்தலைகளில் வந்தன. தைத்தவர்களின் பெயர்களையும் வருடங்களையும் கேட்டு எழுதிவைத்தவர்கள் இருந்ததால் அது நடந்தது.

என் அம்முச்சியின் தையல் அவற்றுக்கு ஒரு நூலிழையும் குறைந்ததல்ல. ஆனால் அவர் ஒரு துப்பட்டியிலும் பெயர் வைக்கவில்லை. பெயர் இல்லாததால், தைத்தவர் போனதும் அது வெறும் கந்தையாகிறது. மாடு துடைக்கவும் மிதியடிக்கும் போகிறது. கரிசல் மண் பருத்தி, போர்க்காலப் பஞ்சம், ஆலை, மிஷின், பனியன், மலைத்தோட்டம் என்று ஒரு நூற்றாண்டின் வரலாறு அதோடு சேர்ந்து போகிறது.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டில் பாட்டி தைத்த போர்வையோ, தொட்டில் துணியோ, ஒட்டுப்போட்ட விரிப்போ இருந்தால் அதைத் தேடி எடுங்கள். தைத்தவர் இருந்தால் கேளுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் மூத்தவரைக் கேளுங்கள். அடிப்பக்கத்து மூலையில் ஒரு சின்னக் காடாத் துண்டை வைத்து, தைத்தவர் பெயர், ஊர், வருடம், யாருடைய துணி என்பதை நூலால் எழுதித் தையுங்கள். மை அழியும், நூல் நிற்கும். இனித் தைக்கிறவர்கள் முதல் தையலுக்கு முன்பே உங்கள் பெயரைத் தைத்துவிடுங்கள்.